தலையெழுத்தைப் படிக்கும் கண்ணாடி

2012 ஏப்ரலில் கூகுள் இரண்டரை நிமிடக் காணொளி ஒன்றை வெளியிட்டது. ஓர் இளைஞன் காலையில் எழுந்து காபி குடிக்கிறான். சன்னலுக்கு வெளியே பார்த்தால் வெப்பநிலையும் மழை வாய்ப்பும் கண்ணெதிரே மிதக்கின்றன. நண்பனிடமிருந்து செய்தி வருகிறது, வாயால் சொன்னதே பதிலாகப் போகிறது. சுரங்க ரயிலுக்குப் போனால் ரயில் ஓடவில்லை என்று எழுத்து வருகிறது, நடந்து போகும் வழியும் தெரிகிறது. நியூயார்க்கின் ஸ்ட்ராண்ட் புத்தகக் கடைக்குள் நுழைந்து இசைப் பிரிவு எங்கே என்று கேட்கிறான், கடைக்குள்ளேயே வரைபடம் விரிகிறது. உகுலேலே பழகும் புத்தகம் ஒன்றை எடுக்கிறான். அந்தி நேரத்தில் மொட்டை மாடியில் நின்று, காதலிக்குச் சூரியன் மறைவதைக் காட்டியபடி உகுலேலே வாசிக்கிறான். காணொளி முடிகிறது.

கூகுள் கிளாஸை உலகம் முதலில் பார்த்தது இப்படித்தான். இதை விளம்பரம் என்று தள்ளிவிடாமல் ஒரு சிறுகதைபோல வாசித்துப் பார்க்கலாம். இந்தக் கதைநாயகனுக்கு அன்றைக்கு வேலை எதுவும் கிடையாது. யாருக்கும் அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. ரயில் நின்றுபோனாலும் சம்பளம் வெட்டாகாது. தூக்க வேண்டிய பை இல்லை, இறக்கிவிட வேண்டிய குழந்தை இல்லை. தொழில்நுட்ப நிறுவனங்கள் ‘அன்றாட வாழ்க்கை’ என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு விடுமுறை நாளைத்தான் மனதில் வைத்திருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. காட்சிகள் முழுக்க அவன் கண் வழியாகவே வருவதால் அவன் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. நண்பன், காதலி, சுவரோவியம், நாய் எல்லாம் தெரிகின்றன. முகம் இல்லாத ஒரே ஆள் கண்ணாடி போட்டவன். ஏஆர் கண்ணாடி எனப்படும் ஆக்மென்டட் ரியாலிட்டி கண்ணாடி பயனுள்ளதா இல்லையா என்று நாம் நடத்தும் விவாதங்கள் எல்லாம் இந்த முகமற்ற ஆளின் பக்கத்திலிருந்தே நடக்கின்றன. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், எடை எவ்வளவு, விலை என்ன, எல்லாமே போட்டிருப்பவரின் கேள்விகள். எதிரே நிற்பவருக்கும் கேள்விகள் இருக்கின்றன. கொங்கு நாட்டில் நின்று யோசிக்கும்போது அந்தக் கேள்விகள்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

*

கோயமுத்தூர்க்காரர்களிடம் எந்தப் புதுப் பொருளைக் காட்டினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “ஏனுங்க, இதுல என்ன வேலை ஆகும்?” இதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது ஓர் அழகியல் அளவுகோல் என்றே சொல்வேன். 1955-இல் பி. சபாபதி இங்கே உருவாக்கிய வெட் கிரைண்டர் அந்தக் கேள்விக்கு நேரான பதில். ஆட்டுக்கல்லின் முன்னால் தினமும் ஒரு பெண்ணுடைய தோளும் இடுப்பும் தேய்ந்த நேரத்தை அது திருப்பிக் கொடுத்தது. ஜி.டி. நாயுடு 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் செய்து தர முடியும் என்று அறிவித்தார். அங்கே கேள்வி கொஞ்சம் மாறுகிறது: என்ன வேலை ஆகும் என்பதோடு, யாருக்கெல்லாம் ஆகும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

இந்த அளவுகோலை ஏஆர் கண்ணாடியின் வரலாற்றின்மேல் வைத்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். இது பிறந்ததே வேலைக்காகத்தான். 1990 வாக்கில் போயிங் நிறுவனத்தில் டாம் காடெல் என்பவர்தான் ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். விமானத்துக்குள் போகும் ஒயர்க் கட்டுகளைப் பெரிய பலகைகளில் வரிசைப்படி கட்ட வேண்டும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று தொழிலாளி தாளைப் பார்ப்பதும் பலகையைப் பார்ப்பதுமாகத் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பலகையின் மேலேயே வழி தெரிந்தால் திரும்ப வேண்டியதில்லை. 1992-இல் டேவிட் மிசெலுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். கால் நூற்றாண்டு கழித்து அதே போயிங், அதே ஒயர் வேலைக்குக் கூகுள் கிளாஸைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, நேரம் 25 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது.

காந்திபுரத்திலோ கணபதியிலோ பட்டறை வைத்திருக்கும் யாருக்கும் இது உடனே புரியும். மோட்டார் காயில் சுற்றுகிறவருக்கு இரண்டு கையும் கம்பியில் இருக்கிறது. எத்தனை சுற்று, எந்தக் காடியில் எந்த முனை என்பது நோட்டிலோ தலைக்குள்ளோ இருக்கிறது. அவர் கண்ணெதிரே அந்தக் கணக்கு நின்றால் உபயோகம்தான். ஆனால் கவனியுங்கள், இங்கே மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. கை இரண்டும் வேலையில் இருக்க வேண்டும். வேலைக்கு எழுதப்பட்ட முறை ஒன்று இருக்க வேண்டும். பார்க்கப்படும் பொருள் மனிதராக இல்லாமல் ஒயராகவோ காயிலாகவோ இருக்க வேண்டும்.

கூகுள் கிளாஸ் இந்த நிபந்தனைகளை விட்டுத் தெருவுக்கு வந்ததும் தோற்றது. 1,500 டாலர் கொடுத்து அதை வாங்கிப் போட்டவர்களை அமெரிக்காவிலேயே கெட்ட வார்த்தையோடு சேர்த்து ‘கிளாஸ்ஹோல்’ என்று அழைத்தார்கள். சியாட்டிலில் ஒரு மதுக்கூடம் அதற்குத் தடை போட்டது. 2015 ஜனவரியில் தெரு விற்பனை நின்றது. 2017-இல் தொழிற்சாலைக்கான பதிப்பாகத் திரும்பி வந்து, 2023 மார்ச்சில் அதுவும் நின்றது. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 அரைக் கிலோவுக்கு மேல் எடை. அதன் உற்பத்தி 2024-இல் முடிந்தது. இவற்றையெல்லாம் தொழில்நுட்பத் தோல்விகள் என்று எழுதுவது வழக்கம். கிளாஸைத் தோற்கடித்ததில் பாதி பேட்டரி, மீதி எதிரே உட்கார்ந்திருந்தவரின் சங்கடம் என்பது என் கணிப்பு.

*

இப்போது சந்தையில் இருப்பது என்ன? 2025 மே மாதத்தில் ரே-பான் மெட்டா இந்தியாவுக்கு வந்தது, தொடக்க விலை 29,900 ரூபாய். இதில் திரையே கிடையாது. கேமரா, மைக், ஸ்பீக்கர், காதோடு பேசும் செயற்கை நுண்ணறிவு, அவ்வளவுதான். கண்ணுக்குள் எழுத்து காட்டும் மெட்டா ரே-பான் டிஸ்ப்ளே அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் 799 டாலருக்கு வந்தது. வலது கண்ணில் மட்டும் சிறிய திரை. எடை 69 கிராம், கலந்து பயன்படுத்தினால் ஆறு மணி நேரம் நிற்கும் என்கிறார்கள். உலகத்தின்மேல் பொருள்களை அப்படியே பொருத்திக் காட்டும் முழுமையான ஏஆர் கண்ணாடியான ஓரியன், 2024-இல் முன்மாதிரியாக மேடை ஏறியதோடு சரி.

திரையில்லாத வகையைக் கோவையில் ஒரு கடையில் பத்து நிமிடம் போட்டுப் பார்த்தேன். சாதாரணக் கூலிங்கிளாஸ் மாதிரிதான் இருந்தது, அதுதான் அதன் சாமர்த்தியமும். எதிரே நின்ற விற்பனையாளரைப் படம் பிடித்தேன். ஃபிரேம் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி எரிந்ததாகச் சொன்னார். கடை விளக்குக்கு அடியில் அது அவருக்கே சரியாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு அந்த விளக்கை எரியாமல் செய்துகொடுக்கும் ஆட்களும் வந்துவிட்டார்கள்.

அன்றாடப் பயன் என்று பட்டியல் போட்டால் வழிகாட்டல் முதலில் வரும். ஆனால் அவிநாசி ரோட்டில் ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மத்தியான வெயிலில் லாரியைப் பார்ப்பதா, அம்புக்குறியைப் பார்ப்பதா என்பது நியூயார்க் நடைபாதையில் எழாத கேள்வி. அறிவிப்புகள், செய்திகள், படம் எடுத்தல் எல்லாம் சட்டைப்பையில் இருக்கும் போன் ஏற்கெனவே செய்வதுதான். போனை எடுக்கும் இரண்டு விநாடியை மிச்சம் பிடிப்பதற்கு 29,900 ரூபாய் என்றால், வெட் கிரைண்டர் வாங்கின ஊர் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்யும்.

ஒரே ஒரு பயன் எனக்கு உண்மையிலேயே ஆசை காட்டுகிறது: மொழிபெயர்ப்பு. எதிரே இருப்பவர் பேசப் பேச நம் மொழியில் காதில் விழும், அல்லது கண்ணில் எழுத்தாக ஓடும். திருப்பூர் பனியன் கம்பெனிக்குள் ஒரு நாள் நின்றால் இதன் அருமை தெரியும். ஒடியா, இந்தி, வங்காளி, அசாமி பேசும் பிள்ளைகள் தையல் மெஷினில் இருப்பார்கள். சூப்பர்வைசருக்குத் தெரிந்தது ‘ஜல்தி’யும் ‘நஹி’யும். மெஷினில் விரல் மாட்டாமல் இருப்பதற்குச் சொல்ல வேண்டியது, சம்பளப் பிடித்தம் ஏன் என்று கேட்க வேண்டியது, வயிற்றுவலி என்று சொல்ல வேண்டியது, இதெல்லாம் சைகையில் நடக்கிறது. உலகத்தில் நேரடி மொழிபெயர்ப்புக் கண்ணாடி உண்மையாகவே தேவைப்படும் இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆனால் ரே-பான் மெட்டா முதலில் மொழிபெயர்க்கக் கற்றுக்கொண்டவை ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம். பாரிஸில் மெனு கார்டு படிக்கும் சுற்றுலாப் பயணிதான் முதலில் அவர்கள் நினைவுக்கு வந்திருக்கிறார். ஒடிசாவிலிருந்து ரயிலேறித் திருப்பூரில் இறங்கும் பத்தொன்பது வயதுப் பையன் அந்த வரிசையில் எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை. நாளைக்கு ஒடியாவும் தமிழும் வரலாம். வரட்டும். அப்போதும் கண்ணாடியை முதலில் யாருக்குக் கொடுப்பார்கள், தொழிலாளிக்கா சூப்பர்வைசருக்கா என்ற கேள்வி மிச்சம் இருக்கும்.

*

கண்ணாடி என்றாலே அது ஒரு கூட்டல்தான். நாற்பது வயது தாண்டியவர்களுக்குக் கிட்டப் பொருள் மங்குவதைத் தமிழில் வெள்ளெழுத்து என்கிறோம். கறுப்பாக இருக்க வேண்டிய எழுத்து வெளுத்துப் போகிறது. எவ்வளவு துல்லியமான சொல்! வெள்ளெழுத்துக் கண்ணாடி அந்த எழுத்தைத் திரும்பக் கறுப்பாக்குகிறது. பேட்டரி வேண்டாம், கணக்கு திறக்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம்.

2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது நிறைந்த, கிட்டப்பார்வை மங்கிய 751 தொழிலாளர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்குக் கண்ணாடி கொடுத்து, மறு பாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலையின் அளவு, போடாதவர்களோடு ஒப்பிட்டால் 21.7 சதவீதம் கூடியது. சாதாரண லென்ஸ்தான். போயிங்கின் 25 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே 1,500 டாலர்க் கருவி, இங்கே வெறும் கண்ணாடித் துண்டு.

நம் மாவட்டத்திலேயே வால்பாறை இருக்கிறது. அங்கே இலை பறிக்கும் கைகளுக்கும் இதே கணக்குதான். என் அம்மாயி பத்து வருஷம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பனியன் பிசிறு வெட்டினார். பீஸுக்கு இத்தனை பைசா. கடைசி வருஷங்களில் அவர் கத்தரித்ததில் பிசிறு எது, தையல் எது என்று தெரியாமல் போனதற்கு வயசாயிடுச்சு என்றுதான் எல்லோரும் பேசினோம். பேருந்து நிலையத்தில் வாங்கிய 150 ரூபாய்க் கண்ணாடி அந்த வயசில் நாலைந்து வருஷத்தைக் குறைத்துவிட்டது.

ஏஆர் கண்ணாடியைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. எதிர்காலக் கண்ணாடி வரும் முன்னால் நிகழ்காலக் கண்ணாடியே இன்னும் பலருக்கு வந்து சேரவில்லை என்பதை நினைவுபடுத்தத்தான் சொல்கிறேன். கூடவே இன்னொன்று: வெள்ளெழுத்துக் கண்ணாடி அங்கே இருக்கிற பொருளைத்தான் தெளிவாக்குகிறது. அம்மாயிக்குப் பிசிறு தெரிந்தது. அந்தப் பனியனை யார் போடப் போகிறார், அவர் என்ன சாதி, எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை.

*

இங்கேதான் இலக்கியம் நமக்குக் கை கொடுக்கிறது. ஆஸ் நாட்டு மந்திரவாதிக் கதையை எழுதிய எல். ஃபிராங்க் பாம், 1901-இல் ‘தி மாஸ்டர் கீ’ என்று ஒரு சிறுவர் நாவல் எழுதினார. மின்சாரத்தின் பூதம் ராப் என்ற சிறுவனுக்குச் சில பரிசுகளைக் கொடுக்கிறது. அதில் ஒன்று மூக்குக்கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு யாரைப் பார்த்தாலும் அவர் நெற்றியில் ஓர் எழுத்து தெரியும். நல்லவர், கெட்டவர், அறிவாளி, முட்டாள், அன்பானவர், கொடியவர் என்று ஆளுக்கேற்ற எழுத்து. ஏஆர் கண்ணாடி என்ற கருத்து எழுத்தில் வந்த முதல் இடங்களில் ஒன்றாக இதைக் குறிப்பிடுகிறார்கள்.

அமெரிக்க வாசகருக்கு அது வேடிக்கையான கற்பனை. தமிழ் வாசகருக்கோ ரொம்பப் பழைய சமாச்சாரம். அதற்கு நம்மிடம் பெயரே இருக்கிறது: தலையெழுத்து. பிரம்மன் எழுதியது, அழியாதது, பிறக்கும்போதே முடிவானது. நம்முடைய தலையெழுத்தில் ஒரு பாதுகாப்பும் இருந்தது. அதை மனிதர் யாராலும் படிக்க முடியாது. ஆனால் சமூகம் படிக்கிற மாதிரி இன்னொரு எழுத்தை நெற்றியில் எழுதிக்கொண்டே வந்தது. பேரின் வாலில், வேட்டி கட்டும் விதத்தில், பேச்சின் இழுப்பில், குடியிருக்கும் தெருவில்.

கொங்கு நாட்டில் அந்த எழுத்தைப் படிக்கும் கலை ரொம்ப நயமானது. “நீங்க எந்த ஊருங்க?” என்று தொடங்கும். ஊர் தெரிந்ததும் “அங்க ஆரு ஊடுங்க?” அதற்குப் பின்னால் சிலரிடம் “எந்தக் கூட்டமுங்க?” என்று வந்து நிற்கும். ஒவ்வொரு கேள்விக்கும் கடைசியில் ஒரு ‘ங்க’ மரியாதை. இந்தக் கேள்விக்கு அன்பான முகமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பங்காளியா, மாமன் மச்சானா என்று கண்டுபிடித்துவிட்டால் காபியோடு சோறும் வரும். கண்டுபிடித்தது வேறாக இருந்தால் காபி வேறு டம்ளரில் வந்த காலமும் இருந்தது. இன்னும் சில ஊர்களில் அது முழுசாகப் போய்விடவில்லை.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2013-இல் வந்தது. வெளியூரிலிருந்து சரோஜாவைக் கல்யாணம் செய்து தன் ஊருக்குக் கூட்டிவருகிறான் குமரேசன். அவன் அம்மாவும் ஊரும் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வி: இவள் என்ன சாதி? அவள் நிறத்தைப் பார்க்கிறார்கள், பேச்சைப் பார்க்கிறார்கள். நெற்றியில் எழுத்து தெரியாதா என்று தேடுகிறார்கள். குமரேசன் மழுப்பி நாட்களை ஓட்டப் பார்க்கிறான். நாவலின் பதற்றம் முழுவதும் அந்த மழுப்பலின் நீளம்தான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே கொஞ்சம் நேரம் இருக்கிறது, அந்த நேரத்துக்குள்தான் அவர்கள் இருவரும் குடும்பம் நடத்துகிறார்கள். ஊர்க்காரர்களிடம் ஒரு முகமறி கண்ணாடி இருந்திருந்தால் முதல் அத்தியாயத்திலேயே நாவல் முடிந்திருக்கும்.

மிகையாகப் பேசுகிறேனா? 2024-இல் ஹார்வர்டு மாணவர்கள் இருவர் கடையில் கிடைக்கும் ரே-பான் மெட்டாவையும், முகத்தை வைத்து இணையத்தில் படம் தேடும் சேவையையும், ஒரு மொழி மாதிரியையும் சேர்த்துக் கோத்தார்கள். ரயிலில் எதிரே வந்த அந்நியரின் பெயர், வேலை, முகவரி எல்லாம் போனில் வந்து விழுந்தன. இது எவ்வளவு எளிது என்று எச்சரிக்கத்தான் செய்தோம் என்று சொல்லி நிரலை வெளியிடாமல் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் நல்லவர்கள். இந்தியாவில் பெயரும் முகவரியும் கிடைத்தால் அதற்கடுத்த எழுத்தைக் கண்டுபிடிக்க நமக்கு மொழி மாதிரிகூடத் தேவையில்லை.

2015 ஜூன் 23. திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலுக்குத் தோழியோடு வந்திருந்தார் கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர், பொறியியல் பட்டதாரி. ஒரு கும்பல் அவர்களை நிறுத்தி விசாரித்து, அவரை மட்டும் கூட்டிப்போனது. மறுநாள் பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில் ரயில் பாதையில் உடல் கிடைத்தது. கோயிலின் சிசிடிவி பதிவு அந்த வழக்கில் பெரிய சாட்சியானது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

இந்த வழக்கைக் கேமராவுக்கு ஆதரவாகவும் சொல்லலாம், அது சரியும்கூட. சுவரில் நின்ற அந்தக் கேமராவுக்கு யார் பெயரும் தெரியாது. பார்த்தது, பிறகு நீதிமன்றம் கேட்டபோது சொன்னது. அங்கே எழுத்தைத் தேடியது கும்பல். அவர்கள் கேட்க வேண்டியிருந்தது. கேட்பதற்கு நிறுத்த வேண்டியிருந்தது, நிறுத்தியதைப் பிறர் பார்க்க முடிந்தது. கேட்காமலே தெரிந்துகொள்ளும் வசதியை நாம் ‘உபயோகம்’ என்ற தலைப்பில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

*

தமிழ்நாட்டின் பொதுவாழ்க்கையை ஒரு வரியில் சொல்லச் சொன்னால், நெற்றியில் இருந்த எழுத்தை அழிக்க முயன்ற நூறு வருஷம் என்பேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பேருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஈரோட்டுக்காரரான பெரியார் தன் பேரிலிருந்த நாயக்கரை எடுத்தார். இன்றைக்கு இந்தியாவின் வேறு மாநிலங்களுக்குப் போகும் தமிழ்ப் பையனிடம் ‘சர்நேம்’ கேட்டால் அப்பா பெயரைச் சொல்லிவிட்டு விழிக்கிறான். அந்த விழிப்பு ஒரு நூற்றாண்டு உழைப்பின் பலன். அவன் பெயரைப் பார்த்தவுடன் அவனைப் படித்துவிட முடியாது. பெயரில் அழித்தார்கள், மனதில் அழிந்ததா என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் பெயரில் அழிந்ததே பலருக்கு வாடகை வீட்டையும் நேர்முகத் தேர்வையும் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

2025 அக்டோபரில் தெருக்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க அரசாணை வந்தது. அதே வாரம் கோவை அவிநாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறந்து, அதற்கு ஜி.டி. நாயுடு பெயர் வைத்தார்கள். தெருவில் நீக்கச் சொல்லிவிட்டுப் பாலத்தில் வைக்கலாமா என்று ஒரே விவாதம். விஞ்ஞானியைக் கௌரவிக்கிறோமா, வாலைக் கௌரவிக்கிறோமா என்று இரண்டு பக்கமும் பேசினார்கள். அந்த விவாதத்தில் யார் பக்கம் நின்றாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: பலகையில் என்ன எழுத்து இருக்கலாம் என்று ஊரே உட்கார்ந்து சண்டை போட முடிந்தது, ஏனென்றால் பலகை எல்லோருக்கும் ஒன்றாகத் தெரிகிறது. ஏஆர் கண்ணாடியின் அடுக்கு அப்படி இல்லை. நகராட்சி அழித்த தெருப் பெயரை அதன் மேல் மிதக்கவிடலாம், போட்டிருப்பவருக்கு மட்டும் தெரியும். ஒரே தெருவில் நடக்கும் இரண்டு பேர் இரண்டு பலகைகளைப் படிப்பார்கள். சண்டை போடக்கூட பொதுவான ஒரு எழுத்து இருக்காது. 2016-இல் கெய்ச்சி மட்சுதா எடுத்த ‘ஹைப்பர்-ரியாலிட்டி’ என்ற ஆறு நிமிடப் படம் இந்த அடுக்குகளால் மூச்சுமுட்டும் மெடயீன் நகரத்தைக் காட்டியது. அவர் பயந்தது விளம்பரங்களுக்கு. நமக்கு விளம்பரத்தைவிடப் பழைய பயங்கள் இருக்கின்றன.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானதும்கூட. போனிலும் இதெல்லாம் செய்யலாமே, கண்ணாடியைத் தனியாகக் குற்றம் சொல்வானேன்? செய்யலாம்தான். ஆனால் போனை முகத்துக்கு நேராகத் தூக்க வேண்டும். தூக்கும்போது எதிரே இருப்பவர் “என்னங்க பண்றீங்க?” என்று கேட்பார். அந்தக் கேள்விதான் நாகரிகம். கண்ணாடியின் தனிச்சிறப்பே அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வது.

இதைவிட வலுவான எதிர்வாதம் பார்வையற்றவர்களிடமிருந்து வருகிறது. பெங்களூரின் எஸ்.எச்.ஜி. டெக்னாலஜிஸ் செய்த ஸ்மார்ட் விஷன் கிளாஸஸ் நான்கு வேலை செய்கிறது: சுற்றி என்ன இருக்கிறது என்று சொல்லும், அச்சிட்டதைப் படித்துக் காட்டும், நடக்கும்போது தடை இருந்தால் எச்சரிக்கும், முகத்தை அடையாளம் சொல்லும். ரே-பான் மெட்டாவிலும் ‘பி மை ஐஸ்’ வழியாகத் தன்னார்வலர் ஒருவரைக் கூப்பிட்டு அவர் கண்ணைக் கொஞ்சம் கடன் வாங்கலாம். எந்தப் பேருந்து வருகிறது, மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையும் கெஞ்சாமல் தெரிந்துகொள்கிற ஒருவரிடம் போய் இது அன்றாட வாழ்க்கைக்கு உபயோகமா என்று கேட்டால் சிரிப்பார். இத்தனை வருஷமும் கண்ணெதிரே என்ன காட்டலாம் என்று போட்டி நடந்தது. அன்றாடத்துக்கு மிக உதவிய கண்ணாடி எதையும் காட்டாமல் காதில் பேசுகிறது.

அதிலும் முகத்தை அறியும் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கண்ணாடிக்குத் தெரிந்த முகங்கள், போட்டிருப்பவர் பழகிச் சேர்த்துவைத்தவை. தங்கை வந்து நின்றால் தங்கை என்று சொல்லும். கண் உள்ளவர்களுக்கு இயல்பாக இருப்பதை, பழகிய முகத்தைப் பார்த்ததும் வரும் அந்த ஒரு சொல்லை, அது திருப்பிக் கொடுக்கிறது. அந்நியர் அதற்கு அந்நியராகவே இருப்பார். மாணவர்கள் கோத்துக் காட்டிய கண்ணாடிக்கோ உலகத்தில் அந்நியரே கிடையாது. ஒன்று இழந்த புலனுக்கு ஈடு. மற்றொன்று எந்த மனிதருக்கும் இதுவரை இல்லாத, இருக்கக் கூடாத புலன்.

என் தீர்ப்பு இவ்வளவுதான். கை இரண்டும் வேலையில் இருப்பவருக்கு ஏஆர் கண்ணாடி உபயோகம். புலன் ஒன்று குறைந்தவருக்கு ரொம்ப உபயோகம். மொழி தெரியாத ஊரில் கூலிக்கு நிற்பவருக்கு, அவர் மொழி அதில் ஏறினால், உபயோகம். மற்றபடி உகுலேலே வாசிக்க நேரம் இருப்பவர்கள் வாங்கிக்கொள்ளட்டும், தடுக்க நாம் யார்? ஆனால் எதிரே நிற்பவர் வாய் திறக்கும் முன்னால் அவர் யார் என்று சொல்லும் கண்ணாடியை வசதிக் கணக்கில் எழுத என்னால் முடியவில்லை. பாமின் நாவலில் ராப் கடைசியில் பரிசுகளை எல்லாம் பூதத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறான். தானும் இதற்குத் தயாரில்லை, உலகமும் தயாரில்லை என்கிறான். சிறுவனுக்குத் தோன்றியது நமக்கும் தோன்றலாம். எந்த ஊருங்க என்று யாராவது கேட்கட்டும். சொல்வதா வேண்டாமா என்பது சொல்கிறவர் வாயில் இருக்கட்டும்.